தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் விஆர் கணினி: துளை போடலாமா, வேண்டாமா?

சுமைதூக்கி:
வணக்கம் நண்பர்களே. விஆர் (தலையில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சி) காட்டுவதற்காக அடிக்கடி இடம் மாற வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு டவர் கேபினட், மானிட்டர், ஹெட்செட் பெட்டி, ஒயர் பை என்று தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு போகிறேன். போய் இறங்கினால் ஏதாவது ஒரு அடாப்டர் வீட்டிலேயே தங்கியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே கெட்டிப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

பெட்டி கையில் இருக்கிறது. பெலிகன் 1510, சக்கரமும் இழுகைப்பிடியும் உண்டு. உள்ளளவு ஏறக்குறைய 501 × 279 × 193 மி.மீ. உயரத்தில் மூடிக்கு 46, அடித்தொட்டிக்கு 147. உள்ளே வைக்க நினைப்பவை: மினி-ஐடிஎக்ஸ் போர்டு (சின்ன மதர்போர்டு), 65 வாட் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 600 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சிறிய அளவு) பவர் சப்ளை, ஒரு என்விஎம்இ சேமிப்பகம். ஹெட்செட் இரண்டு, வால்வ் இண்டெக்ஸும் குவெஸ்ட் 3-ம்.

பக்கச் சுவரில் 120 மி.மீ. துளை இரண்டு போட்டு ஃபேன் மாட்டலாம் என்று நினைக்கிறேன். வெட்டியபின் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் வெட்டும் முன்பே கேட்டுவிடுகிறேன்.

ஒருசந்தேகம்:
கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல கேமிங் லேப்டாப் ஒன்று வாங்கினால் தோள்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாமே? குவெஸ்ட் வேறு கணினி இல்லாமலேயே ஓடும். எதற்கு இத்தனை பாடு?

சுமைதூக்கி:
கோபம் எதற்கு, நியாயமான கேள்விதான். நான் காட்டுவது கட்டட மாதிரிகள். லட்சக்கணக்கான முக்கோணங்களும் கனமான ஒளியமைப்பும் இருப்பதால் குவெஸ்ட்டின் சொந்த சிப் தாங்காது. லேப்டாப்பில் வேறு சிக்கல். இண்டெக்ஸுக்கு டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும், அது நேராகத் தனி ஜிபியூவிலிருந்து (கிராபிக்ஸ் சிப்) வர வேண்டும். பல லேப்டாப்களில் வெளி முனை உள்ளமைந்த கிராபிக்ஸ் வழியாகத்தான் வருகிறது. எந்த முனை எதனோடு இணைந்திருக்கிறது என்பது வாங்கிப் பிரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. அப்புறம், பழுது வந்தால் ஒரு உறுப்பை மட்டும் மாற்றும் வசதி எனக்கு முக்கியம்.

தகரடப்பா:
வெட்டாதீர்கள். அந்தப் பெட்டியை வாங்கியதே ஐபி67 தரத்துக்காகத்தானே? அதாவது 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகாது. மூடியின் விளிம்பில் ஓடும் ரப்பர் வளையமும் ஓட்டையில்லாத சுவரும் சேர்ந்துதான் அந்தத் தரம். 120 மி.மீ. துளை இரண்டு போட்ட நிமிடமே அது சாதாரண பிளாஸ்டிக் பெட்டி. மழை, தூசி எல்லாம் நேராக ஃபேனுக்குப் போகும். கம்பி வலை போட்டு வடிகட்டி வைத்தாலும் சுவரின் வலு போனது போனதுதான்.

எந்த நிலையில் கணினி ஓட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூடியபடி ஓடத் தேவையா? உங்கள் வேலையில் தேவையே இல்லை. போய் இறங்கி, மேசையில் வைத்து, மூடியைத் திறந்துதான் ஓட்டப் போகிறீர்கள். பயணத்தில் பெட்டி மூடியிருக்கும், கணினி அணைந்திருக்கும். வேலையின்போது திறந்திருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் துளை எண்ணமே வருகிறது.

வெப்பக் கணக்கைப் பார்த்துவிடலாம். 4070-க்கு 200 வாட், பிராசஸர் உச்சத்தில் 90, மற்றவற்றுக்கு 30. பவர் சப்ளையின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 350 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கலாம் என்றால் மணிக்கு சுமார் 105 கன மீட்டர் காற்று தேவை, ஃபேன் அட்டையில் போடும் கணக்கில் 62 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). ஒரு 120 ஃபேன் திறந்த வெளியில் இதைத் தரலாம். வலை, வடிகட்டி, குறுகலான வழி எல்லாம் வந்தால் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். ஆக, துளை போட்டாலும் மூடிய பெட்டிக்குள் 350 வாட் சிரமம்தான்.

மூன்றாம்கண்:
தகரடப்பா சொல்வது பாதி சரி. திறந்து வைத்தால் மட்டும் வெப்பம் போய்விடாது அண்ணா. 147 மி.மீ. ஆழத் தொட்டி அது. கார்டின் ஃபேன் மேலிருந்து காற்றை இழுத்துப் பக்கவாட்டில் தள்ளும். பக்கத்தில் சுவர். சூடான காற்று சுவரில் மோதி மேலே வந்து, திரும்ப அதே ஃபேனுக்குள் போகும். ஒரே காற்று சுற்றிச் சுற்றி வரும். முதல் பத்து நிமிடம் எல்லாம் நன்றாக இருக்கும், அப்புறம் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

விஆரில் அதன் விளைவு சாதாரண விளையாட்டு மாதிரி இல்லை. 90 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 11.1 மில்லிவினாடிதான். இண்டெக்ஸை 120-ல் ஓட்டினால் 8.3. அதைத் தவறவிட்டால் மானிட்டரில் லேசான தடங்கல், தலையில் மாட்டியிருப்பவருக்கோ குமட்டல். உங்கள் பார்வையாளர் முதல்முறையாக விஆர் பார்ப்பவராக இருந்தால் அதோடு கழற்றி வைத்துவிடுவார்.

தகரடப்பா:
அந்தச் சுழற்சியை நிறுத்த மேலே ஒரு தட்டு போதும். அடித்தொட்டியின் வாயை மூடுகிற அளவுக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடு. இந்தப் பெட்டிகளுக்கென்றே பேனல் சட்டம் கிடைக்கிறது, உள்விளிம்பில் பொருந்தும், சுவரைத் துளைக்க வேண்டாம். அதன்மேல் தகடு. தகட்டில் கார்டின் ஃபேனுக்கு நேர் மேலே உள்வாய். கார்டுக்கும் தகட்டுக்கும் இடையே சுற்றிலும் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டிவிட்டால் கார்டு வெளிக்காற்றை மட்டுமே இழுக்கும். இன்னொரு ஓரத்தில் 92 மி.மீ. ஃபேன் இரண்டு, மேல்நோக்கி ஊதும்படி. சூடான காற்று அந்த வழியாக மட்டும் வெளியேறும். பிராசஸர் கூலருக்கும் பவர் சப்ளைக்கும் இதே மாதிரி தனித்தனி உள்வாய் வைத்துவிடுங்கள். திறந்த மூடியை வெளிவாய்க்குப் பக்கத்தில் சுவராக நிற்கவிடாதீர்கள், கீல் இருக்கும் நீளப்பக்கத்திலிருந்து வெளிவாய் தள்ளியே இருக்கட்டும்.

போர்டு, கார்டு, பவர் சப்ளை எல்லாம் தகட்டின் அடியில் தொங்கட்டும். பெட்டியில் எதையும் பொருத்த வேண்டாம். பழுது வந்தால் ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகட்டை அப்படியே தூக்கி மேசையில் கவிழ்த்து வைத்து வேலை பார்க்கலாம். இந்தப் பிளாஸ்டிக் பாலிப்ரொப்பிலீன் வகை, அதில் சூப்பர் குளூவும் எபாக்ஸியும் ஒழுங்காகப் பிடிக்காது. ஒட்டி மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

இடக் கணக்கு. போர்டு 170 × 170. எஸ்எஃப்எக்ஸ் 125 × 100 × 63.5. இரண்டு ஃபேன் 4070 என்றால் 240 நீளம், பவர் ஒயரும் ரைசரும் (கார்டை போர்டோடு சேர்க்கும் நீட்டிப்பு ஒயர்) சேர்த்து அகலத்துக்கு 130 விடுங்கள். பெட்டியின் நீளவாக்கில் 170 + 130 + 125 = 425. மிச்சம் 76 மி.மீ., ஒயர்களுக்கும் நுழைவு முனைக்கும் அது. நெருக்கடி குறுக்குவாக்கில்தான். 279-ல் கார்டுக்கு 240 போனால் 39 மிஞ்சும். நேரான டிஸ்ப்ளேபோர்ட் முனையும் அதன் ஒயர் வளைவும் 39-க்குள் அடங்காது. எல் வடிவ முனை வாங்க வேண்டியிருக்கும். அதிலும் மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது, இடம், வலம் என்று நான்கு வகை. கார்டு எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மூலைகள் உருண்டையாக இருக்கும், சக்கரப் பக்கம் உள்ளேயும் புடைத்திருக்கும். காகிதக் கணக்கை நம்பாமல் உறுப்புகளின் அளவுக்கு அட்டையை வெட்டி உள்ளே போட்டுப் பாருங்கள்.

ரைசர் ஒயர் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசும் இணைப்பு) என்றால் பயாஸில் அந்த ஸ்லாட்டையும் ஜென் 3 என்று மாற்றி வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஜென் 4 வேகத்தில் பேச முயன்று திரை கறுப்பாகும், சில நேரம் பாதியில் தொங்கும். விஆரில் இந்த மாற்றத்தால் வரும் இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம்கண்:
இந்தத் தகடு விஷயம் எனக்கும் பிடித்திருக்கிறது. என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இண்டெக்ஸ் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி. அதன் ஒயர் 5 மீட்டர், நடுவே கழன்றுவரும் இணைப்பு, அதற்குப் பிறகு கணினிப் பக்கம் 1 மீட்டர் வால். அந்த வாலில்தான் டிஸ்ப்ளேபோர்ட், யூஎஸ்பி, 12 வோல்ட் மூன்றும் பிரிகின்றன. வாலை நிரந்தரமாக உள்ளேயே செருகி, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி, இணைப்பு முனையை மட்டும் தகட்டுக்கு மேலே விட்டுவிடுங்கள். போகிற இடத்தில் ஒரே ஒரு முனையைச் சேர்த்தால் ஹெட்செட் தயார். டிஸ்ப்ளேபோர்ட்டுக்குத் தனியாகப் பேனல் சாக்கெட் வைத்தால் இடையில் ஒரு இணைப்பு கூடும், படம் மின்னுவதற்கு அதுவே காரணமாகலாம்.

மின்னோட்டம்:
கரண்ட் பக்கம் நான் பேசுகிறேன். தகடு அலுமினியம் என்று ஆனபிறகு எர்த் கட்டாயம். பெட்டி பிளாஸ்டிக், அதனால் உள்ளே 230 வோல்ட் ஒயர் ஒன்று உரிந்து தகட்டைத் தொட்டால், கை வைக்கிறவர்தான் அதன் முதல் வழி. பவர் சப்ளையின் உலோக உடல் எர்த்தோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் உடலுக்கும் பெயிண்ட், தகட்டுக்கும் அனோடைஸ் பூச்சு. இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனை பிளக்கின் எர்த் பின்னில், மறுமுனை தகட்டில். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் செருகவே கூடாது.

நுழைவு முனைக்குச் சாதாரணக் கணினி ஒயர் மாட்டும் சி14 சாக்கெட் போதும், ஃபியூஸும் சுவிட்சும் சேர்ந்தே வரும் வகையாகப் பாருங்கள். கூட்டத்தில் யாராவது ஒயரில் கால் தடுக்குவார்கள் என்ற பயம் இருந்தால் நியூட்ரிக் பவர்கான் ட்ரூ1 போடலாம். திருகினால் பூட்டிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றினாலும் கேடில்லை. அதே நிறுவனத்தின் பழைய நீல, சாம்பல் நிற பவர்கானுக்கு அந்தத் தகுதி கிடையாது, மின்சாரம் ஓடும்போது அதைப் பிடுங்கக் கூடாது. எதுவானாலும் தகட்டில் பொருத்துங்கள், பெட்டிச் சுவரில் வேண்டாம்.

ஒருசந்தேகம்:
இவ்வளவு செய்கிறீர்கள், ஒரு பேட்டரியையும் உள்ளே வைத்தால் பிளக் பாயிண்ட் தேடும் வேலையே இல்லையே? 2016, 2017 வாக்கில் எம்எஸ்ஐ விஆர் ஒன், சோட்டாக் விஆர் கோ, எச்பி இசட் விஆர் என்று முதுகில் மாட்டும் கணினிகள் வந்தனவே, அவையெல்லாம் பேட்டரியில்தானே ஓடின?

மின்னோட்டம்:
ஓடின, மாற்றிப் போட்டுக்கொள்ளும் பேட்டரிகளோடு. அவற்றில் இருந்தவை லேப்டாப் வகைச் சிப்புகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குவெஸ்ட் 2019-ல் வந்தபிறகு முதுகுக் கணினிக்கு வேலையும் குறைந்துவிட்டது.

இவருடைய கணினி 350 வாட். ஒரு மணி நேரத்துக்கு 350 வாட்-மணி, இன்வெர்ட்டர் இழப்போடு 400 என்று வையுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியாக எடுத்தால் 4 கிலோ கூடும். விமானத்தில் 100 வாட்-மணி வரை தாராளம், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்கு மேல் பயணி கொண்டுபோக முடியாது. தனிப் பேட்டரியைச் சரக்கில் போடவும் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். காலிப் பெட்டியே 5 கிலோவுக்கு மேல். எல்லாம் அடைத்தால் 11, 12 வரும். கைப்பைக்கு 7 கிலோதான் என்று சொல்லும் விமான நிறுவனங்கள் நிறைய. ஆகவே இந்தப் பெட்டி சரக்கில்தான் போகும், உள்ளே பேட்டரி இருந்தால் அதுவும் போகாது.

தகரடப்பா:
எடை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 கணினியும் ஏறக்குறைய 11 கிலோதான், 5 அங்குலத் திரையோடு. அதையும் ‘கையில் எடுத்துப் போகலாம்’ என்றுதான் விற்றார்கள். நமக்குச் சக்கரமாவது இருக்கிறது.

சுமைதூக்கி:
பேட்டரி வேண்டாம், விட்டாயிற்று. துளையும் இல்லை. தகடு முறையிலேயே வரைந்துகொண்டிருக்கிறேன், அட்டையும் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். பவர் சப்ளையைச் சக்கரப் பக்கம் வைத்தால்தான் இழுக்கும்போது தள்ளாடாமல் வருகிறது.

இரண்டு கேள்வி. பிராசஸருக்கு 120 மி.மீ. ரேடியேட்டரோடு தண்ணீர் கூலர் ஒன்று சும்மா கிடக்கிறது, போடலாமா? கார்டு குலுக்கலில் தாங்குமா?

தகரடப்பா:
தண்ணீர் கூலரை இதில் போடாதீர்கள். எந்தத் தண்ணீர் கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்தில் போய் நிற்கும். டவர் கேபினட்டில் ரேடியேட்டர் மேலே இருப்பதால் காற்று அங்கேயே கிடக்கும், பம்பில் எப்போதும் தண்ணீர். உங்கள் பெட்டி இழுக்கும்போது நிமிர்ந்து நிற்கும், காரில் ஒருக்களித்துக் கிடக்கும், மேசையில் படுத்திருக்கும். பெட்டி புரளும்போதெல்லாம் அந்தக் காற்றும் இடம் மாறும். ஆன் செய்யும் நேரத்தில் பம்பில் வந்து உட்கார்ந்திருந்தால் கடகடவென்ற சத்தமும் சூடும்தான் மிச்சம். 37 மி.மீ. உயரத்தில் நாக்டுவா என்எச்-எல்9 போன்ற தட்டைக் கூலர் கிடைக்கிறது, 65 வாட் பிராசஸருக்குப் போதும். உயரமான டவர் கூலரும் வேண்டாம், குலுங்கும்போது அதன் எடை முழுக்க போர்டின் நான்கு துளைகளில்தான் விழும்.

கார்டு ரைசரில் இருப்பதால் ஸ்லாட் உடைகிற பயம் இல்லை. ஆனால் பின்பக்க இரும்புப் பட்டையை மட்டும் ஸ்க்ரூ போட்டு விட்டுவிடக் கூடாது. மறுமுனையிலும் ஒரு எல் வடிவ இரும்பு, இடையில் மெல்லிய ரப்பர். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வளையங்கள். ஸ்க்ரூ தளராமல் இருக்க நைலான் பூட்டு நட்டு போடுங்கள். அதற்காக ஸ்க்ரூ மரையில் நீலத் திரவம் தடவும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும், அது பட்டால் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். ஃபேன் சட்டத்திலும் சாக்கெட்டிலும் அந்தப் பிளாஸ்டிக்குகள்தான் அதிகம்.

இன்னொன்று. கார்டின் மின்சார வரம்பை 70, 75 விழுக்காட்டுக்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வெப்பம் குறையும் அளவுக்கு வேகம் குறையாது. உங்கள் மாதிரிகளில் பிரேம் தவறாமல் வந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

மூன்றாம்கண்:
குவெஸ்ட்டுக்கு: ஒயர் இல்லாமல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் போகும் இடத்து வைஃபையை நம்ப வேண்டாம். சின்ன ரவுட்டர் ஒன்றை உள்ளேயே வைத்து, கணினியை அதோடு ஈதர்நெட் ஒயரால் சேருங்கள். வைஃபை குவெஸ்ட்டுக்கும் ரவுட்டருக்கும் நடுவே மட்டும். பெட்டியின் பிளாஸ்டிக் அலையைத் தடுக்காது, உங்கள் அலுமினியத் தகடு தடுக்கும். ஆகவே ஆன்டெனா தகட்டுக்கு மேலே வர வேண்டும். குவெஸ்ட் 3 வைஃபை 6இ வரை பேசும், 6 கிகாஹெர்ட்ஸ் அனுமதி உள்ள நாடு என்றால் அதைப் பயன்படுத்துங்கள். பெரிய அரங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் முழுக்க அடுத்தவர்களின் நெரிசல். நீளமான யூஎஸ்பி-சி ஒயர் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

ஸ்டீமை (இண்டெக்ஸை ஓட்டும் மென்பொருள்) இணையம் இருக்கும்போதே ஆஃப்லைன் முறைக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள், போன இடத்தில் மாற்றலாம் என்றால் முரண்டு பிடிக்கும். இண்டெக்ஸின் பேஸ் ஸ்டேஷன்கள் (அறையில் நிறுத்தும் அகச்சிவப்பு ஒளிக் கருவிகள்) இந்தப் பெட்டிக்குள் வராது, ஸ்டாண்டோடு தனிப் பைதான். அறையில் பெரிய கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள், அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பினால் காட்சியில் கைக்கருவி தாறுமாறாகப் பறக்கும். ஹெட்செட்டின் லென்ஸ் வெயிலைப் பார்த்து ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. அந்த லென்ஸே வெயிலைக் குவித்துத் திரையைக் கருக்கிவிடும்.

சுமைதூக்கி:
அருமை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். தகட்டுக்கு மேலே கொஞ்சம் உயரமும் மூடியின் 46-ம் சேர்த்து, பஞ்சுத் தட்டு ஒன்றில் குவெஸ்ட்டும் கைக்கருவிகளும் போகும். ஒரே கவலை, யாராவது அவசரத்தில் அந்தப் பஞ்சை எடுக்காமல் ஆன் செய்துவிட்டால்? உள்வாய் எல்லாம் அடைபட்டுவிடும்.

மின்னோட்டம்:
பவர் பொத்தானைப் பஞ்சுக்கு அடியில் வைத்துவிடுங்கள். பஞ்சைத் தூக்காமல் கை எட்டாது, வேறு சென்சார் எதுவும் வேண்டாம்.

அதைவிட ஆபத்து உறக்க நிலை. ஸ்லீப்பில் போட்டு, ஒயரைக் கழற்றாமலேயே மூடி வைத்திருக்கும்போது, ஏதோ ஒரு அப்டேட் அதை எழுப்பினால் காற்று புகாத பெட்டிக்குள் கிடந்து வேகும். விண்டோஸில் ஸ்லீப், ஹைபர்னேட், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மூன்றையும் அணையுங்கள். மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் பயாஸ் வசதியையும் அணையுங்கள். மூடுவதற்கு முன் நுழைவு முனையின் சுவிட்சை ஆஃப் செய்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஃபேன் நின்றதும் உடனே மூட வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும். பெட்டியின் முன்பக்கம் உள்ள சின்ன அழுத்த வால்வை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள். விமானத்தில் போய் இறங்கினால் உள்ளே வெளியே அழுத்தம் சமமாக அதுதான் வழி, இல்லாவிட்டால் மூடி திறக்க வராது.

சுமைதூக்கி:
சரி, பொத்தான் பஞ்சுக்கு அடியில்தான். தகட்டை லேசர் வெட்டுக்குக் கொடுக்கும் முன் வரைபடத்தை இங்கே போடுகிறேன், உள்வாய் அளவுகளை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

தகரடப்பா:
போடுங்கள். ஸ்க்ரூத் துளைகளை வட்டமாக வரையாமல் 2 மி.மீ. நீட்டி வரையுங்கள், பொருத்தும்போது நகர்த்திக்கொள்ள இடம் வேண்டும்.